பழைய காரின் துருவும் தகர வேலையும்: வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?



"இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் ஒட்சிசனும் தேவை" என்ற வசனம் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பரிசோதனைக் குழாய்களில் ஆணிகளை இட்டுச் செய்யும் பரிசோதனையையும் அறிவீர்கள். ஆனால் அந்த வசனம் வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கு எப்படிப் பொருந்துகின்றது என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். இக்கட்டுரை பழைய கார் ஒன்றின் உடற்பகுதியிலே ஏற்படும் துருவை வீட்டில் திருத்தும் முறையை விளக்குகின்றது. விஞ்ஞான பாடத்துக்கு இது ஒரு பிரயோகம். தமிழ்மொழிப் பாடத்துக்கு, செயன்முறை ஒன்றை விளக்கும் கட்டுரைக்கான ஒரு மாதிரி. ஒவ்வொரு படியிலும் "என்ன செய்வது" என்பதுடன் "ஏன் செய்வது" என்பதும் எழுதப்பட்டிருப்பதைக் கவனித்து வாசியுங்கள்.

1. எமது ஊரும் பழைய கார்களும்

மொறிஸ் மைனர் கார் 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே அறிமுகமானது. இதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்ட பின்னர், 1970 களின் தொடக்கத்தில் அங்கு உற்பத்தி நின்றுபோனது. ஆனால் இலங்கையில் இக்காரும் ஒஸ்ரின், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற கார்களும் அதன் பின்னும் நெடுங்காலம் ஓடின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமை இதற்கு ஒரு காரணம். யாழ்ப்பாணத்திலோ 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத நிலையில் மண்ணெண்ணெயிலும் இக்கார்களை ஓட்டினார்கள். அண்மையில் 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோதும், உள்ள வாகனத்தைத் திருத்தி ஓடுவதே பலருக்கு வழியாக இருந்தது.

எஞ்சின் பழுதானால் கழற்றித் திருத்தலாம். பழைய காரை முடித்துவிடுவது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, தகரத்தைத் தின்னும் துருவே.

2. துரு என்பது யாது?

துரு என்பது நீரேறிய இரும்பு ஒட்சைட்டு ஆகும். விடை எழுதும்போது "நீரேறிய" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

இரும்பின் மேற்பரப்பில் நீர்த்துளி ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். துளியின் நடுப்பகுதியில் ஒட்சிசன் குறைவு. அங்கே இரும்பு அணுக்கள் இலத்திரன்களை இழந்து அயன்களாகி நீரிற் கரைகின்றன. இது ஒட்சியேற்றம். அந்த இடம் அனோட்டு. வெளியேறிய இலத்திரன்கள் உலோகத்தின் வழியே துளியின் விளிம்புக்குச் செல்கின்றன. விளிம்பில் ஒட்சிசன் அதிகம். அங்கே ஒட்சிசனும் நீரும் இலத்திரன்களை ஏற்று ஐதரொட்சைட்டு அயன்களாகின்றன. இது தாழ்த்தல். அந்த இடம் கதோட்டு. இரும்பு அயன்களும் ஐதரொட்சைட்டு அயன்களும் சேர்ந்து, மேலும் ஒட்சிசனுடன் தாக்கமுற்று, ஈற்றில் செங்கபிலத் துருவாகின்றன.

இதிலிருந்து மூன்று விடயங்களை விளங்கிக்கொள்ளலாம்.

(அ) நீரில் உப்பு கரைந்திருந்தால் அது நன்றாக மின்னைக் கடத்தும். ஆகவே துருப்பிடித்தல் விரைவாகும். கடற்கரையை அண்டிய ஊர்களிலும், பண்ணைப் பாலம் போன்ற கடலை ஊடறுத்துச் செல்லும் வீதிகளிலும் ஓடும் வாகனங்கள் விரைவிற் கறள் கட்டுவது இதனாலேயே.

(ஆ) துரு, தான் உருவாகிய இரும்பை விடக் கூடிய இடத்தை எடுக்கும். ஆகவே பெயின்ற்றுக்குக் கீழே துரு வளரும்போது பெயின்ற் கொப்புளம் போல மேலெழும்புகிறது.

(இ) அலுமினியத்தின் மீது உண்டாகும் ஒட்சைட்டுப் படை இறுக ஒட்டியிருந்து உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துரு அப்படியன்று. அது பொருபொருவென உதிரும், நீரை உறிஞ்சி வைத்திருக்கும். எனவே துருவை மூடிவிட்டால் அது நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு.

3. காரில் துரு எங்கே தொடங்கும்?

துரு நாம் கழுவித் துடைக்கும் இடத்தில் தொடங்குவது குறைவு. சேறும் ஈரமும் தங்கும் இடங்களையே முதலிற் பாருங்கள்.

• முன் மட்காட்டின் பின்பக்கக் கீழ்மூலை. ரயர் எறியும் சேறு உள்ளே அங்கேதான் குவியும்.
• கதவுகளின் அடிப்பகுதி. கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கான சிறு துளைகள் தூசியால் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கும்.
• கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி போன்ற பகுதி. இதனை இங்கு "கதவடிப் பெட்டி" என்போம்.
• கால் வைக்கும் தரைத் தகரம். காபெட் நனைந்தால் நாட்கணக்கில் ஈரமாக இருக்கும்.
• டிக்கியின் தரை, பின் ஸ்பிறிங்குகள் பூட்டப்படும் இடங்கள்.

மொறிஸ் மைனருக்கு லொறியைப் போலத் தனியான முழுச் செசி கிடையாது. உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக ஒட்டப்பட்ட அமைப்பு அது. ஆகவே கதவடிப் பெட்டியும் தரையும் அழகுக்கு உள்ள பாகங்கள் அல்ல. காரின் பாரத்தைத் தாங்கும் பாகங்கள். மட்காட்டுகளோ போல்ற்றுகளால் பூட்டப்பட்டவை, கழற்றி மாற்றத்தக்கவை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருங்கள். கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் இதனைச் சார்ந்தே இருக்கிறது.

4. எமது வீட்டில் நடந்தது

2004 ஆம் ஆண்டு எனது தந்தையார் ஒரு மொறிஸ் மைனர் வாங்கினார். பச்சை நிறம், புதுப் பெயின்ற், முகம் பார்க்கலாம். விற்றவர் "தகர வேலை எல்லாம் முடிந்தது" என்றார். நாங்கள் ஐந்து பேரும் ஒரு வருடம் அதிலேதான் போய் வந்தோம்.

அடுத்த மாரியில் ஒரு நாள் ரயரில் காற்றுப் போய்விட்டது. அப்பா ஜக்கை வைத்து உயர்த்தினார். கார் உயரவில்லை. ஜக் மேலே போனது. கதவடியில் இருந்த தகரம் அப்பளம் போல நொறுங்கி உள்ளே மடிந்தது. உடைந்த இடத்தில் கைவிட்டுப் பார்த்தபோது பில்லர் பசையும் அதற்குப் பின்னால் அடைத்து வைத்திருந்த பழைய செய்தித்தாளும் வந்தன. தகரம் இருக்கவேண்டிய இடத்தில் தகரமே இல்லை.

அப்பா அன்று கோபிக்கவில்லை. "இதை நம்பியா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன்" என்று மட்டும் சொன்னார். அதைத் திருத்துவதற்கு அம்மாவின் காப்பு ஒன்று அடகுக்குப் போனது. வெல்டிங் வேலையை அனுபவமுள்ள ஒருவர் செய்தார். உரஞ்சும் வேலை, பெயின்ற் வேலை எல்லாவற்றையும் சித்தப்பாவும் நானும் வீட்டில் செய்தோம். கீழே தரப்படும் முறையை நான் அப்போதுதான் கற்றேன்.

5. முதலில் சோதியுங்கள்

பெயின்ற்றின் மினுக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பின்வரும் மூன்று சோதனைகளைச் செய்யலாம்.

காந்தச் சோதனை: சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியிற் சுற்றித் தகரத்தின் மீது நகர்த்துங்கள். பில்லர் தடிப்பாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது அல்லது தளர்வாகப் பிடிக்கும்.

தட்டற் சோதனை: விரல் மூட்டால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென ஒலிக்கும். பில்லர் உள்ள இடம் மந்தமாக ஒலிக்கும்.

குத்திப் பார்த்தல்: காருக்கு அடியில் துருவுள்ள இடத்தைப் பழைய ஸ்க்றூ டிறைவரால் அழுத்துங்கள். நல்ல தகரம் தாங்கும். உக்கிய தகரத்தில் முனை உள்ளே போகும். காருக்கு அடியிற் போகும்போது ஜக்கை மட்டும் நம்பக்கூடாது. நல்ல தாங்கிகளை வைத்து, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

சோதனையின் பின் துருவை மூன்றாக வகுக்கலாம்.

முதலாம் வகை: மேற்பரப்புத் துரு. உரஞ்சினால் கீழே நல்ல தகரம் தெரியும்.
இரண்டாம் வகை: மட்காட், கதவின் வெளித்தகரம் போன்ற பாரந்தாங்காத பாகத்தில் ஓட்டை.
மூன்றாம் வகை: கதவடிப் பெட்டி, தரை, குறுக்குச் சட்டம், ஸ்பிறிங் பூட்டுமிடம் போன்ற பாரந்தாங்கும் பாகத்தில் உக்கல்.

முதலாம் வகையை வீட்டில் முழுமையாகச் செய்யலாம். இரண்டாம் வகையில் ஓட்டைக்குத் தகரத் துண்டு வைத்து ஒட்டுவிக்க வேண்டும் அல்லது அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். மீதியை வீட்டிற் செய்யலாம். மூன்றாம் வகையை அனுபவமுள்ள வெல்டிங் வேலையாளிடம் கொண்டுசெல்ல வேண்டும். அதில் வேறு வழியில்லை.

6. மேற்பரப்புத் துருவைத் திருத்தும் முறை

படி 1: கழுவுதல். சேறு, உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் சவர்க்கார நீரால் நீக்கி, நன்னீரால் அலம்பி, நன்கு உலர விடுக. உப்பு எஞ்சியிருந்தால் புதிய பெயின்ற்றின் கீழும் துருப்பிடித்தல் தொடரும்.

படி 2: உரஞ்சுதல். கம்பித் தூரிகையாலும் 80 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பராலும் பளபளப்பான தகரம் தெரியும் வரை உரஞ்சுக. துருத் தெரியும் எல்லையில் நிறுத்தாமல் சுற்றிவர மேலும் சில சென்ரிமீற்றர் வரை செல்க. துரு பெயின்ற்றுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமற் பரவியிருக்கும்.

படி 3: குழிகளுக்கு அமிலம். சிறு குழிகளுக்குள் உள்ள துருவைத் தாள் எட்டாது. இதற்குப் பொசுபோரிக்கமிலம் கொண்ட துருநீக்கியைப் பூசுவர். அது துருவுடன் தாக்கமுற்று இரும்புப் பொசுபேற்று ஆக மாற்றுகிறது. உதிரும் துருவை முதலில் நீக்காமல் இதனைப் பூசுவதால் பயனில்லை. பின்னர் போத்தலிற் கூறியவாறு அமிலத்தை நீக்கி, உலர்த்தி, மீண்டும் இலேசாக உரஞ்சுக. அமிலம் எஞ்சினால் அடுத்த பூச்சு ஒழுங்காக ஒட்டாது.

படி 4: அன்றே பிறைமர். வெறுந்தகரத்தை இரவு விட்டுவைக்கக் கூடாது. மாரிகாலத்து ஈரக்காற்றில் சில மணித்தியாலங்களிலேயே மெல்லிய செந்நிறத் துரு படரும். எப்பொக்சிப் பிறைமர் நீரை நன்கு தடுக்கும். சாதாரண சாம்பல் நிறப் பிறைமர் நீரை உறிஞ்சக்கூடியது. அதை மட்டும் பூசிவிட்டு மழையில் ஓடுவது பலர் செய்யும் பிழை.

படி 5: பில்லர். நெளிவுகளை முதலில் சுத்தியலாலும் அடிக்கட்டையாலும் தட்டி நிமிர்த்துக. எஞ்சும் சிறு பள்ளத்துக்கு மட்டுமே பில்லர். காய்ந்த பிறைமரை இலேசாக உரஞ்சிவிட்டு இடுக. தடிப்பு ஏறக்குறைய 3 மி.மீ. ஐத் தாண்டாதிருப்பது நல்லது. பில்லருக்கு அதன் நிறையில் ஏறக்குறைய 2 வீதம், அதாவது 100 கிராமுக்கு 2 கிராம் அளவில், வன்மையாக்கி சேர்ப்பர். சேர்த்தவுடன் தாக்கம் தொடங்கிவிடும். கலவை சூடாவதை உணரலாம். இது புறவெப்பத் தாக்கத்துக்கு ஓர் உதாரணம். சில நிமிடங்களில் இறுகிவிடுவதால் தேவையான அளவை மட்டும் குழைக்க வேண்டும்.

பில்லர் பள்ளத்தை நிரப்புவதற்கான பொருள். ஓட்டையை மூடுவதற்கான பொருள் அல்ல. அதற்குத் தகரத்தின் வலிமை இல்லை. பின்பக்கத்தில் ஈரம் பட்டால் அதனை உறிஞ்சி, சுற்றியுள்ள நல்ல தகரத்தையும் கெடுக்கும்.

படி 6: மட்டப்படுத்தல். சாண்ட் பேப்பரை ஒரு தட்டையான மரக்கட்டையிற் சுற்றி உரஞ்சுக. விரலால் அழுத்தி உரஞ்சினால் பள்ளம் விழும். முதலில் 80, பின்னர் 180 ஆம் இலக்கத் தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமும் கைக்குத் தெரியும்.

படி 7: நிறம் பூசல். மீண்டும் பிறைமர் பூசி, 400 ஆம் இலக்கத் தாளால் நீர் தொட்டு உரஞ்சி, நன்கு உலர்ந்த பின் நிறத்தைப் பூசுக. விசிறும் ரின்னை ஏறக்குறைய 25 செ.மீ. தூரத்திற் பிடிக்கலாம். ஒரு தடித்த பூச்சை விட மூன்று நான்கு மெல்லிய பூச்சு நல்லது. தடித்த பூச்சு வழியும், உள்ளே காயாது. கடும் வெயிலிலும் மழை இருட்டிலும் பூச வேண்டாம்.

7. ஓட்டையும் பாரந்தாங்கும் பாகமும்

ஓட்டை விழுந்த இடத்தில் உக்கிய தகரத்தை நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். அதன் அளவுக்குப் புதிய துண்டு வெட்டி ஒட்ட வேண்டும். வெளித்தகரத்துக்கு 20 கேஜ், அதாவது ஏறக்குறைய 0.9 மி.மீ. தகரம் பொருந்தும். தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் அதனிலும் தடித்த தகரம் தேவை. உக்கிய தகரத்தின் மேல் புதுத் தகரத்தை ஒட்டினால், ஒட்டு பிடிப்பதற்குக் கீழே உறுதி இராது. இரண்டுக்கும் நடுவில் ஈரமும் தங்கும்.

வெல்டிங்கை நீங்கள் செய்ய முயல வேண்டாம். மொறிஸ் மைனரின் பெற்றோல் தாங்கி டிக்கித் தரைக்குக் கீழே உள்ளது. அதன் அருகே வெல்டிங் செய்வதற்கு முன் தாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். வெறுமையான தாங்கியிலும் பெற்றோல் ஆவி இருக்கும். அது வெடிக்கக்கூடியது. பற்றரி இணைப்பையும் முன்னரே கழற்றிவிட வேண்டும்.

வேலையாளிடம் காரைக் கொடுக்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: பெயின்ற் பூசுவதற்கு முன், வெறும் தகரமாக இருக்கும் நிலையில் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான வேலையாள் மறுக்கமாட்டார்.

8. உடற் பாதுகாப்பு

• உரஞ்சும்போது கண்ணாடியும் தூசிக் கவசமும் அணிக. பழைய கார்களின் பழைய பெயின்ற் படைகளில் ஈயம் இருக்கலாம். ஆகவே பெயின்ற்றை நீர் தொட்டு உரஞ்சுவதே நல்லது. சிறு பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.
• அமிலத்துக்கும் தின்னருக்கும் கையுறை அணிக. தின்னர் உள்ள இடத்தில் நெருப்புக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் வேலை செய்க.
• இரண்டு பாகங்களைக் கலந்து விசிறும் நவீன பெயின்ற்றுகள் பலவற்றில் ஐசோசயனேற்று உண்டு. அது நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். தூசிக் கவசம் அதைத் தடுக்காது. அவற்றை வீட்டில் விசிற வேண்டாம்.

9. துரு மீண்டும் வராமல்

கதவடியிலுள்ள நீர்த்துளைகளைக் கம்பியாற் குத்தித் திறந்து வையுங்கள். மாரி முடிந்ததும் மட்காட்டின் உட்பக்கத்தைக் கழுவுங்கள். மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் அதற்கென விற்கப்படும் மெழுகை விசிறலாம். நனைந்த காபெட்டைத் தூக்கிக் காயவிடுங்கள்.

சிலர் காரின் அடியிற் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசுவர். அது இறப்பர்ப் பாகங்களைக் கெடுக்கும். நிலத்திலும் சொட்டும். குடாநாட்டின் நிலக்கீழ் நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் தங்குவது. நிலத்திற் சொட்டிய ஒயில் கிணற்றுக்குப் போக நெடுநாள் எடுக்காது.

நாகம் கலந்த பிறைமரும் பயன்படும். நாகம் இரும்பை விடத் தாக்குதிறன் கூடியது. எனவே நாகம் தான் ஒட்சியேறி இரும்பைக் காக்கிறது. கல்வனைசுத் தகரத்தில் கீறல் விழுந்தாலும் உடனே துருப்பிடிக்காதது இதனாலேயே. வெள்ளீயமோ இரும்பை விடத் தாக்குதிறன் குறைந்தது. வெள்ளீயம் பூசிய பேணியிற் கீறல் விழுந்தால் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும்.

முடிவாக

எமது கார் திருத்தப்பட்டபோது கதவடிப் பெட்டி முழுவதும் புதுத் தகரமானது. நாங்கள் பூசிய பெயின்ற் முன்னையதைப் போல மினுங்கவில்லை. ஓரிடத்தில் வழிந்தும் இருந்தது. ஆனால் அதற்குப் பின் அப்பா ஜக்கை வைத்தால் கார் உயர்ந்தது. திருத்தம் நல்லதா என்பதை அந்த இடத்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நினைவிற் கொள்க
• துருப்பிடிக்க நீர், ஒட்சிசன் இரண்டும் தேவை. உப்பு அதனை விரைவாக்கும்.
• துருவை நீக்கிய பின்பே பூச்சு.
• பில்லர் பள்ளத்துக்கு, தகரம் ஓட்டைக்கு.
• பாரந்தாங்கும் பாகம் வீட்டு வேலை அல்ல.

பயிற்சி வினாக்கள்
1. துருவின் மேல் நேரடியாகப் பெயின்ற் பூசினால் துருப்பிடித்தல் நிற்காதது ஏன்?
2. பெயின்ற்றில் கொப்புளம் தோன்றுவதற்கான காரணத்தை விளக்குக.
3. நாகப் பூச்சு, வெள்ளீயப் பூச்சு ஆகிய இரண்டிலும் கீறல் விழும்போது நிகழ்வதை ஒப்பிடுக.
4. மட்காட்டில் உள்ள ஓட்டையும் கதவடிப் பெட்டியில் உள்ள ஓட்டையும் ஒரே அளவானவை. எது ஆபத்தானது? காரணம் தருக.
5. "உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைத் திருத்திய முறை" என்னும் தலைப்பில் விளக்கக் கட்டுரை ஒன்று எழுதுக.

விடைக் குறிப்புகள்
1. துரு நுண்துளைகள் கொண்டது. நீரையும் காற்றையும் தேக்கி வைத்திருக்கும். உதிர்வதால் பெயின்ற்றும் அதனுடன் கழன்றுவிடும்.
2. துரு, இரும்பை விடக் கூடிய கனவளவை எடுப்பதால் பெயின்ற் படை மேலே தள்ளப்படுகிறது.
3. நாகம் இரும்புக்குப் பதிலாகத் தான் ஒட்சியேறும். வெள்ளீயப் பூச்சில் இரும்பு முந்தி ஒட்சியேறும்.
4. கதவடிப் பெட்டியில் உள்ளது. அது காரின் பாரத்தைத் தாங்கும் பாகம். மட்காட் கழற்றி மாற்றத்தக்கது.
5. பொருளின் பழுது, காரணம், தேவையான கருவிகள், படிமுறை, பாதுகாப்பு, பெற்ற படிப்பினை என்ற ஒழுங்கில் எழுதுக. ஒவ்வொரு படிக்கும் காரணம் கூறுக.